கட்டடத்துக்கு அனுமதி, குடியிருப்போருக்கு யார் பொறுப்பு?

வீடு கட்டுவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதை அறியாதவர் எமது நாட்டில் இல்லை. ஆனால், கட்டி முடிக்கப்பட்ட அவ்வீடு வாடகைக்கு விடப்படும்போது, அதில் வசிக்கப்போகும் மனிதரின் பாதுகாப்பை உறுதிப்படுத்தும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. தொழிலுக்காகவும் கல்விக்காகவும் சொந்த ஊரை விட்டு நகரங்களில் வாடகை அறைகளை நம்பி வாழ்வோர் தொகை பெருகிவரும் நிலையில், இக்கேள்வியை இனியும் ஒதுக்கிவைக்க முடியாது.

முதலில் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், உள்ளூராட்சி மன்றத் தலைவரின் எழுத்துமூல அங்கீகாரமின்றிக் கட்டடம் எழுப்பலாகாது என விதித்தது. கட்டி முடிந்த பின் சான்றிதழ் பெறாமல் அதில் குடியேறலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. இணக்கச் சான்றிதழ் எனப்படும் இதனையே மக்கள் வழக்கில் குடிபுகு சான்றிதழ் என்கின்றனர். பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவாக்கப்பட்டது. அதன் கீழ் அபிவிருத்திப் பிரதேசங்களாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. அன்றாட அனுமதிகளைக் கையாளும் பணி பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.

அனுமதியின்றி எழுப்பப்படும் கட்டடத்தை நிறுத்துமாறு அறிவித்தல் வழங்கவும், அது மீறப்படுமிடத்து நீதவான் நீதிமன்றத்தை நாடி இடித்தகற்றும் கட்டளையைப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, கட்டடம் எழும் கட்டத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் குறைவில்லை. நடைமுறையிலேயே குறைவு உள்ளது. 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்தது. 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸில் இன்னொரு கட்டடம் இடிந்து உயிர்களைப் பலிகொண்டது. 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி, பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்ததில் தாயும் தந்தையும் அவர்களது கைக்குழந்தையும் மாண்டனர். ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் விசாரணைகளும் அறிக்கைகளும் வந்தன. சிறிது காலத்தில் எல்லாம் மறக்கப்பட்டன.

இடிந்து வீழும் கட்டடம் செய்தியாகிறது. இடியாமல் நிற்கும் கட்டடத்தினுள் மெல்ல நிகழும் தீங்கு செய்தியாவதில்லை. ஒரு குடும்பத்துக்கென அனுமதி பெற்ற வீடு பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்டு மாணவர் விடுதியாக மாறுகிறது. ஒரே மின்னிணைப்பிலிருந்து அறைக்கு அறை கம்பிகள் இழுக்கப்படுகின்றன. ஒரு மலசலகூடத்தைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். தீப்பற்றினால் வெளியேற ஒரே படிக்கட்டு. வரைபடத்தை அங்கீகரித்த சபைக்கு இம்மாற்றம் தெரியவருவதில்லை. தெரிந்தாலும் அது கோப்பில் ஏறுவதில்லை. குடிபுகு சான்றிதழ் வழங்கப்பட்ட அன்றோடு அவ்வீட்டுடனான சபையின் உறவு ஆதனவரியுடன் சுருங்கிவிடுகிறது.

அந்த ஆதனவரியில்தான் ஒரு முரண்பாடு உள்ளது. வடபுலத்தில் சோலைவரி என வழங்கும் இவ்வரி, வீட்டின் ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டு விதிக்கப்படுவது. ஆண்டுப் பெறுமதி எனப்படுவது, அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வாடகையாளர் ஓராண்டுக்கு நியாயமாகச் செலுத்தக்கூடிய தொகையாகும். அதாவது, ஒரு வீடு எவ்வளவு வாடகை தரும் என்பதை மதிப்பிட்டு அதற்குரிய பங்கைப் பெற்றுக்கொள்ளும் சபை, அவ்வீடு வாடகைக்கு விடத் தகுதியானதா என்று கேட்பதில்லை.

வாடகைச் சட்டமும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் முதன்மை நோக்கம், வாடகைத் தொகை மிதமிஞ்சி உயர்வதையும் வாடகையாளர் தன்னிச்சையாக வெளியேற்றப்படுவதையும் தடுப்பதாகவே இருந்தது. பிற்காலத் திருத்தங்களால் புதிய வீடுகள் பல அதன் பாதுகாப்புக்கு வெளியே சென்றன. எவ்வாறாயினும் அது உரிமையாளருக்கும் வாடகையாளருக்கும் இடையிலான சட்டமேயன்றி, வீடுகளைத் தேடிச் சென்று பரிசோதிக்கும் சட்டமன்று.

இவ்விடயத்தில் இங்கிலாந்தின் அனுபவம் கவனத்துக்குரியது. அங்கு 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை உள்ளூர் சபைகளிடம் அளித்தது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சமையலறை, குளியலறை போன்றவற்றைப் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கு உரிமம் கட்டாயமாகும். இவ்வாறு உரிமம் பெறும் வீடுகளில், பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்பது 2018 முதல் நிபந்தனையாகியது. சபைகள் விரும்பினால் குறித்த பகுதியிலுள்ள ஏனைய வாடகை வீடுகளையும் உரிமத்தின் கீழ் கொண்டுவரலாம். எம்மவர் பெருமளவில் வாழும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் சபையே, 2013இல் இதனைத் தனது ஆட்புலம் முழுவதற்கும் முதன்முதலில் விரிவுபடுத்தியது. உரிமமின்றி வாடகைக்கு விடும் உரிமையாளர் தண்டிக்கப்படுவார். செலுத்திய வாடகையைத் திரும்பக் கோரி வாடகையாளர் தீர்ப்பாயத்தை நாடலாம்.

இம்முறை குறைகளற்றதன்று. உரிமக் கட்டணம் ஈற்றில் வாடகையாளரின் தலையிலேயே விழும் என்ற ஆட்சேபம் அங்கும் எழுந்தது. போதிய பரிசோதகர்கள் இல்லாத சபையில் உரிமம் வெறும் காகிதமாகவே முடியும். எனினும், வாடகைக்கு விடுவது ஒரு தொழில், தொழிலுக்குப் பொறுப்புண்டு என்னும் அடிப்படைக் கொள்கை அங்கு நிலைபெற்றுவிட்டது.

எமது நாட்டுக்கும் இக்கொள்கை புதியதன்று. உணவகங்களுக்கும் தங்குவிடுதிகளுக்கும் உபவிதிகளின் கீழ் ஆண்டுதோறும் உரிமம் வழங்குவது உள்ளூராட்சி மன்றங்களின் வழமையான பணியே. ஒரு நாள் தங்குபவருக்காக விடுதியைப் பரிசோதிக்க முடியுமாயின், ஆண்டுக்கணக்கில் தங்கும் மாணவருக்காகவும் தொழிலாளருக்காகவும் அவ்வாறு செய்ய முடியாதா?

ஆனால், இங்கு ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். எமது மக்களைப் பொறுத்தவரை வாடகையாளர் பதிவு என்ற சொல்லே அச்சத்தை ஊட்டுவது. யுத்த காலத்தில் கொழும்பில் வாடகைக்கு இருந்த தமிழர் பொலிஸ் பதிவுக்கு உட்படுத்தப்பட்டனர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பிக்கும் நிலை ஏற்பட்டது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் அதே சந்தேகப் பார்வை முஸ்லிம் மக்களின் பக்கம் திரும்பியது. வாடகை வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அறிய ஆர்வம் காட்டிய அரசு, அவர் எத்தகைய வீட்டில் இருக்கிறார் என்பதை அறிய ஆர்வம் காட்டவில்லை.

ஆகையால், உரிம முறை ஒன்று வருமாயின் அது வீட்டையும் அதன் உரிமையாளரையும் பற்றியதாக இருக்க வேண்டுமேயன்றி, குடியிருப்போரின் பெயர்ப்பட்டியலாக மாறக்கூடாது. மின்னிணைப்பு, தீ வேளையில் வெளியேறும் வழி, நீர், மலசலகூட வசதி, அறையின் அளவு, தங்கக்கூடியோரின் உச்ச எண்ணிக்கை ஆகியனவே உரிமத்தில் இடம்பெற வேண்டும். பரிசோதனை, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தீயணைப்புப் பிரிவினர் ஆகியோரின் பணியாக இருக்க வேண்டும். பாதுகாப்புத் தரப்பினரின் பணியாக அன்று. முறைப்பாடு செய்த வாடகையாளர் அதன் காரணமாக வெளியேற்றப்படாதிருக்கவும் வழி செய்யப்பட வேண்டும்.

எல்லா வீடுகளையும் ஒரே நாளில் உரிமத்தின் கீழ் கொண்டுவருவது சாத்தியமன்று. பல்கலைக்கழகங்களையும் தொழிற்பேட்டைகளையும் அண்டிய பகுதிகளில், பலர் பகிர்ந்து வாழும் வீடுகளிலிருந்து தொடங்கலாம். ஆதனவரிப் பதிவேடு கையில் உள்ள சபைக்கு இது கடினமான வேலையன்று.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிவடைந்த பின்னர், 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலான சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. அதன் பின் தெரிவான உறுப்பினர்கள் வீதி விளக்குகளையும் வடிகால்களையும் பற்றிப் பேசுவது அவசியமே. அவ்விளக்குகளின் கீழுள்ள வாடகை அறைகளில் உறங்குவோரைப் பற்றியும் அவர்கள் பேச வேண்டும். அவர்களில் பலர் வேறு ஊரின் வாக்காளர்கள். அங்கு அவர்களுக்கு வாக்கில்லை. அக்காரணத்தினாலேயே அவர்களுக்குச் சபையின் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகின்றது.