அறிவுக்கு வில்லங்கச் சான்றிதழ் உண்டா?

மனை வாங்குவதென்றால் நமக்கு வழி தெரியும். தாய்ப் பத்திரத்தைப் புரட்டுவோம், சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், பட்டா யார் பெயரில் என்று விசாரிப்போம், நான்கெல்லையும் நடந்து அளப்போம். சரி, கிருமி வளர்க்கும் வித்தையை விலைக்கு வாங்கினால்? அதற்கு எல்லைக்கல் எங்கே இருக்கிறது?

புனேயின் கிழக்கே, சோலாப்பூர் சாலையில் உள்ள ஹடப்சருக்கு 2012-ல் இந்தக் கேள்வி வந்தது. அங்கே இயங்கும் சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, நெதர்லாந்து அரசின் வசமிருந்த பில்ட்ஹோவன் பயாலஜிகல்ஸ் என்ற தடுப்பூசி ஆலையை வாங்கியது. குதிரைப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் பூனாவாலா 1966-ல் தொடங்கிய நிறுவனம் சீரம். குதிரை ரத்தத்திலிருந்து டெட்டனஸ் முறிமருந்து எடுப்பதில் ஆரம்பித்து, டோஸ் கணக்கில் உலகின் பெரிய தடுப்பூசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் போலியோ ஊசி மருந்து செய்யும் வித்தை அதன் கையில் இல்லை.

அந்த வித்தைக்கு அப்போது அவசரம் இருந்தது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. சொட்டு மருந்தில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அது பழைய குணத்துக்குத் திரும்பி முடக்கிவிடும். ஆகவே நோயை அடியோடு ஒழிக்க, கொல்லப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசிக்கு உலகம் மாற வேண்டியிருந்தது. அதைச் செய்யத் தெரிந்த ஆலைகள் உலகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை.

பில்ட்ஹோவனின் வித்தை என்ன? வைரஸை வளர்க்க உயிருள்ள செல்கள் வேண்டும். அந்தச் செல்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டால்தான் பெருகும். கண்ணாடிக் குடுவைச் சுவரில் ஒரே அடுக்காகப் படர்ந்து, இடம் தீர்ந்ததும் நின்றுவிடும். நிறையச் செல் வேண்டுமென்றால் நிறையக் குடுவை வேண்டும். 1967-ல் நெதர்லாந்து விஞ்ஞானி வான் வெசல் இதற்கு ஒரு வழி கண்டார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு நுண்ணிய மணிகளைத் திரவத்தில் மிதக்கவிட்டு மெல்லக் கலக்கினார். செல்கள் ஒவ்வொரு மணியையும் போர்த்திக்கொண்டு வளர்ந்தன. ஒரு கிராம் மணியில் சில ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கும். ஒரே தொட்டி, நூற்றுக்கணக்கான குடுவைகளின் வேலையைச் செய்தது. அதில் வைரஸை வளர்த்து, வடிகட்டி, ஃபார்மால்டிஹைடில் நாள் கணக்கில் ஊறவைத்துக் கொன்றால் தடுப்பூசிக்கான மூலப்பொருள் தயார்.

இதெல்லாம் ஆய்விதழில் அச்சாகிவிட்ட விஷயம், யாரும் படிக்கலாம். பிறகு எதற்கு ஆலையையே வாங்க வேண்டும்? படித்ததும் கைக்கு வந்ததும் ஒன்றல்ல என்பதற்கு 1955-ல் அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. சால்க் என்ற விஞ்ஞானி காட்டிய முறைப்படி போலியோ தடுப்பூசி செய்த கலிஃபோர்னியாவின் கட்டர் ஆய்வகத்தின் சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகவில்லை. குழந்தைகள் முடங்கினர்; சிலர் இறந்தனர். 1958-ல் ஜூரி சொன்ன தீர்ப்பு இன்றும் சட்ட வகுப்புகளில் பேசப்படுகிறது: நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை, ஆனாலும் விற்ற பொருள் பாதுகாப்பானது என்ற சொல்லாத உத்தரவாதத்தை மீறியதால் இழப்பீடு தர வேண்டும்.

எந்த வேகத்தில் கலக்க வேண்டும், எப்போது அறுவடை செய்ய வேண்டும், எந்தத் தொகுதியைக் கொட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் ஆலையின் பதிவேடுகளிலும் பணியாளர்களின் கையிலும் இருக்கின்றன. இந்த மாதிரிச் சொத்தை எடுத்துக் கொடுப்பதற்குச் சட்டம் கண்டுபிடித்த சாமர்த்தியமான கருவி, 'கம்பெனி' என்னும் கற்பனை மனிதன். இயந்திரம், உரிமம், ஒப்பந்தம் என்று தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றையும் பெயர் மாற்ற வேண்டும். எதிர்த் தரப்பின் சம்மதமும் தேவைப்படலாம். பங்குகளை வாங்கினால் கம்பெனி அப்படியே இருக்கும், உரிமையாளர் மட்டும் மாறுவார். அரசுத் துறைக்குப் பங்கு கிடையாதே! அதனால் நெதர்லாந்தின் தடுப்பூசி நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவை அரசே வைத்துக்கொள்ள, உற்பத்திப் பிரிவு பில்ட்ஹோவன் பயாலஜிகல்ஸ் என்று கம்பெனி வடிவம் பெற்று விற்பனைக்கு வந்தது. தடுப்பூசி அனுமதிகள் ஆலை இருக்கும் இடத்தோடு பிணைந்தவை. ஆகவே தொட்டிகள் பில்ட்ஹோவன் ஊரிலேயே நின்றன.

ஆட்கள்? அவர்களை எந்தப் பத்திரத்திலும் எழுதிக் கொடுக்க முடியாது. நம் ஊரில் நடக்கும் விற்பனையென்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-ஆம் பிரிவு ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒரே விதிவிலக்கு, தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்றவர்: குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை நடத்துவதில்லை என்று அவரைக் கட்டிப்போடலாம். முதலாளியை மடக்கலாம், வித்தை தெரிந்த பணியாளர் மறுநாளே வேறு இடத்தில் சேர்ந்தால் தடுக்க வழியில்லை, ரகசியத்தை எடுத்துப் போனால்தான் வழக்கு. அதனால்தான் நிறுவனத்தை வாங்குகிறவர்கள் முக்கியமான ஆட்களுக்கு, இத்தனை வருடம் இருந்தால் இவ்வளவு தொகை என்று தனியாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதே ஹடப்சரில்தான் மகர்பட்டா நகரமும் இருக்கிறது. விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலங்களைத் தனித்தனியாக விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, நிலத்துக்கு ஏற்றபடி கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டு எழுப்பிய நகரம் அது. இன்று அங்கே மென்பொருள் அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. மென்பொருளை வாங்குவதில் வேறொரு பள்ளம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு எழுதிக் கொடுத்தவருடையது அப்படியல்ல. அவர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே வருடம், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உலகமெங்கும் விற்கும் செயலியின் நடுப்பகுதி, எப்போதோ வந்து போன ஒருவரின் சொத்தாக இருந்துவிடலாம்.

கம்பெனி அப்படியே இருக்கும் என்பதன் மறுபக்கம், அதன் பழைய வினைகளும் அப்படியே இருக்கும். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நல்ல பெயரெடுத்த நிறுவனம். அதன் பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த பிரெஞ்சு நிறுவனத்தை 2009-ல் சனோஃபி வாங்கியது. அடுத்த வருடமே, சாந்தாவின் ஐந்து நோய்த் தடுப்பூசிக் குப்பிகளில் வெள்ளைப் படிவு தென்பட்டது. உலக சுகாதார அமைப்பு தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. யூனிசெஃப் கொடுத்திருந்த பெரிய ஆர்டர் கையை விட்டுப் போனது. மருந்து மீண்டும் ஒப்புதல் பெற்றது 2014-ல். இடையில் வருமான வரித் துறையும் வந்தது: சொத்து ஹைதராபாத்தில் இருப்பதால் விற்பனை லாபத்துக்கு இங்கே வரி கட்டு என்றது. இரு நாட்டு வரி உடன்படிக்கைப்படி வரி விதிக்கும் உரிமை பிரான்சுக்கே என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்த்தது.

இப்படிப்பட்ட வில்லங்கம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் ஒப்பந்தம் விற்பவரையே பேச வைக்கிறது. வழக்கு ஏதும் இல்லை, உரிமம் செல்லும், நிரல் எங்களுடையதே என்று வரிவரியாக உத்தரவாதம் எழுதித் தர வேண்டும். விதிவிலக்கு இருந்தால் தனி அட்டவணையில் சொல்லிவிட வேண்டும். சொன்ன குறைக்கு அவர் பொதுவாகப் பொறுப்பல்ல, மறைத்த குறைக்கு இழப்பீடு உண்டு. விலையில் ஒரு பங்கு மூன்றாமவரிடம் எஸ்க்ரோ கணக்கில் கிடக்கும். குறிப்பிட்ட காலத்தில் பூதம் ஏதும் கிளம்பாவிட்டால்தான் விற்றவர் கைக்குப் போகும். விலையைப் போலவே இந்தக் காலத்துக்காகவும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் மல்லுக்கட்டுவதுண்டு.

பணத்தால் ஈடுகட்ட முடியாத பொறுப்பும் ஒன்று உண்டு. இரண்டாம் வகை இயற்கைப் போலியோ வைரஸ் ஒழிந்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. வெளியே எங்கும் இல்லாத அந்த இயற்கைக் கிருமி, ஊசி மருந்து செய்யும் ஆலைகளிலும் சில ஆய்வகங்களிலும் மட்டும் இருக்கிறது. 2014-ல் பெல்ஜியத்தில் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஆலையிலிருந்து உயிருள்ள போலியோ வைரஸ் அடங்கிய 45 லிட்டர் கரைசல் தவறுதலாக வெளியேறியது. அப்படியொரு ஆலையின் பங்குகளை வாங்குகிறவர் அந்தக் காவலையும் சேர்த்தே வாங்குகிறார். இதற்கு எஸ்க்ரோ கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. தொட்டியில் வைரஸ் இருக்கும் வரை, பங்குகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.