வலி நின்ற பல்

விண் விண்ணென்று தெறித்து, இரண்டு மூன்று இரவுகள் தூங்கவிடாமல் படுத்திய கடைவாய்ப் பல் சில சமயம் தானாகவே அடங்கிவிடும். பல் டாக்டரிடம் போகவேண்டும் என்ற நினைப்பும் அதோடு அடங்கிவிடும். பல்வலி விஷயத்தில் நாம் செய்யும் பெரிய பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் கருத்து. காய்ச்சல் விட்டால் உடம்பு தேறுகிறது என்று பொருள் கொள்கிறோம். பல்லுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கடுமையாக வலித்து, சிகிச்சை ஏதும் இல்லாமலே ஓய்ந்த பல் பெரும்பாலும் உள்ளே செத்துப்போயிருக்கும்.

ஒரு பல்லை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் இதன் காரணம் தெரியும். மேலே எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள், ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அதில் நரம்பு கிடையாது. வாயில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நரம்பில்லாததால் அப்போது வலியும் இல்லை. அடுத்த அடுக்கான டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சொத்தை அதுவரை போய்விட்டால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குழல்களுக்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பு முனையைச் சுண்டும். நாம் பல் கூச்சம் என்பது அதைத்தான். இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் கூச்சத்துக்காக டாக்டரிடம் போகிறவர்கள் குறைவு; ஐஸ்கிரீமை அந்தப் பக்கம் படாமல் சாப்பிடப் பழகிக்கொள்கிறோம்.

நடுவில் இருப்பது பற்கூழ்: ரத்தக்குழாயும் நரம்பும் கலந்த மெல்லிய சதை. விரலில் முள் குத்தினால் சதை வீங்க இடமிருக்கிறது. பற்கூழ் இருப்பதோ நாலு பக்கமும் கல் போன்ற சுவர்களுக்குள். வேர் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைதான் வாசல். கிருமி நுழைந்து அழற்சி வந்தால் வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் இன்னும் கூடுகிறது. ராத்திரி வலி அதனால்தான் மோசம். தலையணையை உயர்த்திக்கொண்டால் சற்றே தணியும். அழுத்தம் நீடித்தால் பற்கூழுக்கு ரத்தம் வருவது நிற்கிறது, நரம்பு மடிகிறது, வலியும் நிற்கிறது. கிருமிகள் மட்டும் நிற்பதில்லை. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து அது நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவி மூச்சையே அடைக்கக்கூடும். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-இலேயே விவரித்த நோய் இது. தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், காய்ச்சல் இவற்றில் எது சேர்ந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டதே என்று பலர் சொல்வார்கள். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும். செத்த பற்கூழுக்கு ரத்தமே போவதில்லை. தணித்தது கூடவே கொடுத்த வலி மாத்திரையாக இருக்கலாம், அல்லது நரம்பு செத்ததாக இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி இயல்பாக உள்ள பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கே சிகிச்சை செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மட்டுமே கதை வேறு. கிராம்பு எண்ணெய் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்கிறது. அதிலுள்ள யூஜெனால் பல் டாக்டர்களின் தற்காலிக அடைப்பிலும் இருக்கிறது. ஆனால் அது சொத்தையை ஆற்றாது. அதிகம் வைத்தால் ஈறு வெந்துவிடும். டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் உதவும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு ஐபுப்ரோஃபென் அதைவிட நன்றாகக் கேட்கும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயமும் நம்மூரில் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. பல்லுக்கு உணர்வு தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. பார்வைக்கு உரியது இரண்டாவது நரம்பு. பாதையே வேறு. செலவைப் பற்றிய கவலை அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. நிரந்தரப் பற்களில் சொத்தை இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலருக்குத் தடை பணம்தான். ரூட் கேனால் செய்ய வசதியில்லை என்றால் அரசு மருத்துவமனையில் பல்லை எடுத்துவிடுவதும் முறையான சிகிச்சைதான். சீழோடு விட்டுவைப்பது மட்டும்தான் எந்தக் கணக்கிலும் சேராது.

பல் டாக்டர் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. குளிரூட்டிய பஞ்சுத் துணுக்கைப் பல்லின் மேல் வைப்பார். நல்ல பல் சில்லென்று உணர்ந்து, எடுத்ததும் அடங்கும். அழற்சி முற்றிய பல் எடுத்த பிறகும் வலித்துக்கொண்டே இருக்கும். வலி தானாக நின்றுபோன பல்லின் மேல் வைத்தால், பெரும்பாலும் எதுவுமே தெரியாது.