செல் கசிந்தால் சாமான் போய்விடாது

வாடிக்கையாளர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தையோ டார்ச் லைட்டையோ கொண்டுவந்து நம் மேசைமேல் வைக்கிறார். "உங்கள் கடையில் வாங்கிய செல்தான். கசிந்து சாமானையே கெடுத்துவிட்டது" என்கிறார். "கம்பெனி சரக்கு, நாங்கள் என்ன செய்வது?" என்று நாம் கைவிரிக்கிறோம். அவர் பேசாமல் போய்விடுகிறார். அடுத்த மாத மளிகை லிஸ்டும் அவரோடு வேறு கடைக்குப் போய்விடுகிறது.

இப்படி வரும் சாமான்களில் பல உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. செல்லைத் தொடும் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் உப்புப் பூத்து மின்சாரத்தை மறிக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் சாமான் மறுபடி ஓடும். அதற்கு வேண்டிய பொருள்கள் நம் கடை அலமாரியிலேயே இருக்கின்றன.

ஏன் கசிகிறது?

நாம் விற்கும் 1.5 வோல்ட் செல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கார்பன் செல். "ஹெவி டூட்டி" என்று அச்சிட்டு வருவதும் இந்த இனமே. இதன் துத்தநாகக் குப்பியே மின்சாரம் தரும் பொருளாகவும் இருக்கிறது. செல் உழைக்க உழைக்கக் குப்பி அரிக்கப்பட்டு ஓட்டை விழுகிறது. உள்ளே இருக்கும் அமிலத்தன்மை கொண்ட பசை வெளியே வருகிறது.

மற்றது ஆல்கலைன் செல். இதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம். செல் தீர்ந்த பிறகும் சாமானிலேயே கிடந்தால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளுகிறது. அவ்வழியே கசியும் காரம் காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது.

எந்த வகை என்று அறிவது எளிது. செல்லின் உறையைப் பாருங்கள். ஆர்6, ஆர்03, ஆர்20 என்று இருந்தால் கார்பன் செல். முன்னால் 'எல்' சேர்ந்து எல்ஆர்6, எல்ஆர்03, எல்ஆர்20 என்று இருந்தால் ஆல்கலைன். கசிந்த செல்லைத் தூக்கி எறிவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஏனெனில் மருந்து இரண்டுக்கும் வேறு.

துடைக்கும் முறை

1. கையில் ரப்பர் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். பொடியை வாயால் ஊதக் கூடாது, கண்ணில் விழும். செல் ஒட்டிக்கொண்டிருந்தால் சாமானைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். கத்தியால் குத்தி எடுக்க வேண்டாம்.

2. உதிரும் பொடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தாளில் தட்டிவிடுங்கள்.

3. ஆல்கலைன் செல் என்றால் காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துப் பிழிந்து, பூத்த இடத்தில் தொட்டு வையுங்கள். நுரை எழும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கார்பன் செல் என்றால் ஆப்ப சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்து அதே போல் தடவுங்கள்.

4. சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் துடைத்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் வினிகரும் சோடாவுமே பிறகு தகட்டை அரிக்கும். எந்தத் திரவமும் உள்ளே இறங்காதபடி சாமானைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

5. கடைசியாக மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதுச் செல் போடுங்கள்.

களிம்போ துருவோ மிச்சம் இருந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். முரட்டு உப்புத்தாள் கூடாது. தகட்டின் மேல் உள்ள முலாம் போய்விட்டால் துரு விரைவில் திரும்ப வரும். ஸ்பிரிங் அறுந்திருந்தாலோ, கசிவு உள்ளே சர்க்யூட் வரை போயிருந்தாலோ மெக்கானிக்கிடம் அனுப்புவதே சரி.

கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். உப்பிய செல்போன் பேட்டரிக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதில் கை வைக்கவே வேண்டாம்.

தராசில் கவனம்

நம் எலக்ட்ரானிக் தராசிலும் பேட்டரி முனை பூப்பதுண்டு. பேட்டரி அறை தனியாகத் திறந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் முத்திரையை உடைத்துத்தான் திறக்க முடியும் என்றால் நாமே கை வைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே அதைச் சரி செய்ய வேண்டும். பிறகு மறுமுத்திரையும் இட வேண்டும். செல் பிரச்சினைக்காக அபராதப் பிரச்சினையை விலைக்கு வாங்க வேண்டாம்.

விற்கும்போது சொல்ல வேண்டியவை

பழைய செல்லோடு புதுச் செல்லையும், ஒரு வகையோடு இன்னொரு வகையையும் கலந்து போடக் கூடாது. பலவீனமான செல்தான் முதலில் கசியும். சாமானைப் பல நாள் எடுத்து வைப்பதானால் செல்லைக் கழற்றிவிட வேண்டும். ஓடாமல் நின்ற கடிகாரத்திலும் செல்லை விட்டுவைக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் செல் பெட்டியின் பக்கத்தில் தொங்கவிடலாம்.

நம் பங்குக்கும் கடமை உண்டு. உறையில் உள்ள தேதியைப் பார்த்துப் பழைய சரக்கை முதலில் விற்க வேண்டும். தேதி கடந்ததை விற்கவே கூடாது. செல் பெட்டி வெயில் படும் இடத்தில் இருக்கக் கூடாது. உதிரிச் செல்களைச் சில்லறைக் காசோடு ஒரே டிராயரில் போட்டால் இரு முனைகளும் காசில் பட்டுச் செல் வீணாகும். தீர்ந்த செல்களை நெருப்பில் போடாமல், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது போல் மற்றக் குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஒருவர் கடிகாரத்தோடு வந்து நின்றால் கைவிரிக்காமல், "கொஞ்சம் இருங்கள், பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு மூடி வினிகர், இரண்டு பஞ்சுக் குச்சி, கொஞ்ச நேரம், இவ்வளவுதான் செலவு. நின்ற கடிகாரம் ஓடத் தொடங்கினால் அந்த வீட்டின் மளிகை லிஸ்ட் வேறு கடைக்குப் போகாது.