ஊர்ப் பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளே!

காலை எட்டரை மணி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில், அனுமந்தன்பட்டிப் பேருந்து நிறுத்தத்தருகே சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் காணலாம். ஒரு கூட்டம் வேன்களில் ஏறித் தொலைவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குச் செல்கிறது. மற்றொரு கூட்டம் புத்தகப் பையைத் தோளில் மாட்டி நடந்தும், சைக்கிளிலும், இலவசப் பயண அட்டையுடன் அரசுப் பேருந்திலும் பள்ளிக்குச் செல்கிறது. ஞாயிறன்று ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் பிள்ளைகள், திங்களன்று பெற்றோரின் வருவாய்க்கேற்பப் பிரிந்துவிடுகின்றனர். இதனைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

நம் பள்ளத்தாக்கில் கத்தோலிக்க உயர்கல்விக் கூடங்கள் இல்லாமலில்லை. இராயப்பன்பட்டியில் ஆண்களுக்குச் சவரியப்ப உடையார் நினைவு மேல்நிலைப்பள்ளியும், பெண்களுக்குப் புனித ஆக்னஸ் மேல்நிலைப்பள்ளியும் உள்ளன. அவற்றைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆயினும், அரசு உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளையைப் பற்றி நாம் எப்போதாவது பேசியதுண்டா?

ஊரார் எழுப்பிய பள்ளி

அரசுப் பள்ளி என்றவுடன், அது அரசாங்கம் தந்தது, அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவோர் பலர். அதன் வரலாறு அப்படிப்பட்டதன்று.

ஒரு காலத்தில் உயர்நிலைப்பள்ளி என்பது பெரிய ஊர்களுக்கே உரியதாயிருந்தது. ஜில்லா போர்டு நடத்திய பள்ளிகளும், 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெற்ற மிஷன் பள்ளிகளும் ஆங்காங்கே இருந்தன. சிற்றூர்ப் பையன் மைல்கணக்கில் நடக்க வேண்டும்; அன்றேல் விடுதியில் தங்க வேண்டும். இரண்டும் இயலாதவன் ஐந்தாம் வகுப்போடு ஏர்பிடிக்கச் சென்றான். பெண்பிள்ளையின் படிப்போ அதற்கு முன்பே நின்றுபோயிற்று.

இந்நிலை மாறியது 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில். நாட்டுப்புறங்களில் நடந்து செல்லும் தொலைவில் உயர்நிலைப்பள்ளி வேண்டும் என்னும் நோக்கத்துடன் பள்ளிகள் பெருகின. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் ஊர்தோறும் நிகழ்ந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், தண்ணீர்ப் பானை எனப் பள்ளிக்கு இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, ஊராரிடமே கேட்டுப் பெற்றனர். செல்வர் கட்டடம் தந்தார். ஏழை தன்னால் இயன்ற பொருளைத் தந்தார். நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாக உயர வேண்டுமானாலும் ஊர்மக்கள் நிலம் தேட வேண்டியிருந்தது; பங்குத் தொகையும் திரட்ட வேண்டியிருந்தது.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பதினோராம் வகுப்பில் முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு மாறிற்று. பன்னிரண்டு வரை வளர்ந்தவை மேல்நிலைப்பள்ளிகளாயின. மற்றவை பத்தாம் வகுப்பு வரையுள்ள உயர்நிலைப்பள்ளிகளாகவே நின்றன. ஒவ்வொரு படியிலும் அதிகாரிகளிடம் மனுவோடு நடந்தவர்கள் ஊர்ப் பெரியவர்களே.

ஒரே பந்தி

நம் பகுதியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு மதிய உணவின் மாண்பை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் தாய்மார் இங்கு எத்தனையோ பேர். அடுப்பு மூட்ட நேரமின்றித் தாய் புறப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளை எப்படி வரும்? வெறும் வயிற்றோடு வரும்; அல்லது வராமலே இருந்துவிடும்.

1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, அது பெரிதும் பொதுமக்களின் நன்கொடையை நம்பியே நின்றது. பின்னரே அரசு அதில் பெரும்பங்கை ஏற்றது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் அது பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் விரிந்தது. உயர்நிலைப்பள்ளியிலும் அடுப்பு எரிந்தது. 2022இல் மதுரையில் தொடக்கப்பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் தோன்றியது. 2024 ஜூலையில் அதனை ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கினர். அவ்விழா நிகழ்ந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளி என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

ஆனால், வயிறு நிறைவது ஒருபுறமிருக்க, அப்பந்தியில் நிகழும் வேறொன்றையும் நாம் காண வேண்டும். எத்தெருப் பிள்ளையும் எச்சமயப் பிள்ளையும் அங்கே தோளோடு தோள் உரச அமர்கின்றனர். குடிதண்ணீர்க்குழாய் ஒன்று, விளையாட்டுத் திடல் ஒன்று, வகுப்புத் தலைவன் ஒருவன். ஊரில் பெரியவர்கள் தம்முள் எழுப்பிய சுவர்களைத் தாண்டிப் பிள்ளைகள் நட்புக் கொள்ளும் இடம் பொதுப் பள்ளியைப் போல் வேறெங்கே உள்ளது?

திருச்சபையின் குரல்

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையைப் படித்தோர், அது கத்தோலிக்கப் பள்ளிகளை மட்டுமே பேசுவதாக நினைவு வைத்திருக்கலாம். அவ்வறிக்கையின் ஏழாம் பகுதியோ, கத்தோலிக்கப் பள்ளி அல்லாத பள்ளிகளில் பயிலும் எண்ணற்ற பிள்ளைகளிடம் திருச்சபை தனிப்பட்ட அன்போடும் உதவியோடும் உடனிருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அங்குப் பணியாற்றும் ஆசிரியரின் சாட்சிய வாழ்வு, உடன் பயிலும் மாணவரின் நல்ல தோழமை, குருக்களும் பொதுநிலையினரும் ஊட்டும் மறைக்கல்வி ஆகியவற்றை அதற்கு வழிகளாகக் காட்டுகிறது. பெற்றோரின் கடமையையும் நினைவூட்டுகிறது.

ஆகவே, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நம் பங்கின் இரண்டாந்தரப் பிள்ளையன்று. மாவினுள் புளிப்புமாவு போல நாம் இருக்க வேண்டுமாயின், மாவை விட்டு விலகி நிற்க இயலுமா?

பெற்றோரின் அச்சம்

"ஆங்கிலம் வராதே! ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதே! கழிவறை சரியில்லையே!" எனப் பெற்றோர் கூறுவர். இவை பொய்யான அச்சங்கள் அல்ல. கடன்பட்டேனும் பிள்ளையை வேனில் ஏற்றும் தாயை நாம் பழிக்கவும் மாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம். குறையை எடுத்துக்கூறும் வலிமையுள்ள குடும்பங்களெல்லாம் வெளியேறிவிட்டால், எஞ்சியுள்ள ஏழைப் பிள்ளைக்காக யார் பேசுவது? மாணவர் எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகிறது. ஆசிரியர் குறையவே மேலும் சில பிள்ளைகள் விலகுகின்றனர். இந்தச் சுழலில் சிக்கும் பள்ளி நலிந்துபோகிறது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று நீட் தேர்விலும் தேறிய மாணவர்க்கு, மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அடுத்த ஆண்டில் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு கிடைத்தது. கதவு திறந்திருக்கிறது. பிள்ளையை அக்கதவு வரை நடத்திச்செல்லத்தான் துணை வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

கல்வி உரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, "அது வேறு யாருக்கோ" என்று ஒதுங்காமல் நம் தாய்மார் சென்று அமர வேண்டும். குடிநீர், கழிவறை, காலிப் பணியிடம் ஆகியவற்றைப் பணிவோடும் உறுதியோடும் எழுப்ப வேண்டும்.

தாய் மலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளை தெருவில் திரியாதிருக்க, பங்கின் மண்டபத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை விளக்கேற்றிப் படிக்க இடம் தரலாம். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர் இருவர் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரின் போதும். அம்மண்டபம் எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்கள், எந்தப் பிள்ளை எப்பள்ளியில் படிக்கிறது என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கட்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை சென்று பார்க்கட்டும். அரசுப் பள்ளியில் பணிபுரியும் கத்தோலிக்க ஆசிரியர்களைப் பங்குப் பேரவை ஆண்டுக்கொருமுறையேனும் அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும்.

படித்து வெளியூரில் வாழ்வோர், தாம் படித்த வகுப்பறையை நினைத்துப் பார்க்கட்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டம், 1958இன் சீரமைப்பு மாநாட்டுக் குரலையே மீண்டும் எழுப்புகிறது.

1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வந்து நம் பள்ளத்தாக்கை நனைக்கிறது. அந்நீர் இது யாருடைய வயல் என்று கேட்பதில்லை. ஆனால் வாய்க்காலில் மண் சேர்ந்தால், மண்வெட்டியோடு இறங்க ஆள் வேண்டும். வயலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் பங்கு உழைப்பைத் தருவதற்கே நம் முன்னோர் குடிமராமத்து என்று பெயரிட்டனர். ஊர்ப் பள்ளியும் ஒரு பொது வாய்க்காலே. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று, இம்மாதமே தலைமையாசிரியரைக் கண்டு கேட்டு வருவோமா?