பழனி மலைப் பகுதியும் வேத வசன மனனமும்

வேத வசன மனனம் என்பது, கிறிஸ்தவர்களின் திருநூலாகிய வேதாகமத்தின் வசனங்களை நெட்டுருச் செய்து, தேவையான வேளையில் நூலைத் திறக்காமலே நினைவிலிருந்து சொல்லும் பழக்கம் ஆகும். ஞாயிறு பள்ளிகளில் இது 'மனன வசனம்' எனப்படுகிறது. குடும்ப ஜெபத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் துக்க வீட்டிலும் இப்பழக்கம் பயன்படுகிறது. அச்சு நூலும் கைப்பேசியும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் மனனம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பது இயல்பே. பழனி மலைப் பகுதியின் வரலாறும் வாழ்க்கையும் இக்கேள்விக்கு விடை காண உதவுகின்றன.

வேதாகமத்தில் மனனம்

உபாகமம் 6-ஆம் அதிகாரம், கடவுளின் கட்டளைகளை உள்ளத்தில் பதித்துக்கொண்டு, வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் பிள்ளைகளோடு அவற்றைப் பேச வேண்டும் என்று கற்பிக்கிறது. 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதம் எபிரெய அகரவரிசையில் அமைந்துள்ளது. 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 8 வசனங்கள் வீதம் வருகின்றன. ஔவையாரின் ஆத்திசூடியைத் தமிழ்க் குழந்தைகள் அகர வரிசையைப் பற்றிக்கொண்டு ஒப்பிப்பதைப் போல, எழுத்து வரிசை இங்கும் நினைவுக்குத் துணை செய்கிறது.

தமிழ் மண்ணில் தொடக்கம்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதாகமத்தை அச்சில் காண்பதற்கு முன்பே மனனப் பழக்கம் இங்கு வந்துவிட்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மொழி அறிந்தவர்களின் துணையோடு முக்கியச் செபங்களைத் தமிழில் பெயர்த்துத் தாமே மனனம் செய்தார். பின்பு மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கற்பித்தார். சிறுவர்கள் தாங்கள் கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுத்தனர். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-இல்தான்.

பழனி மலைப் பகுதியில்

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கியது. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் ஊழியர்களிலும் குடும்பத்தாரிலும் பலரைப் பலி கொண்டன. உடல்நலம் தேறுவதற்கான இடமாக மலையைத் தேர்ந்து, 1845-இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினர். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. இவ்வாறு சீர்திருத்த சபையினர், கத்தோலிக்கர் ஆகிய இரு மரபினரும் இம்மலையில் வேரூன்றினர்.

அக்காலத்தில் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. பெண்களில் இன்னும் சிலரே. மதுரை மிஷனைச் சேர்ந்த 'வேதாகமப் பெண்கள்' வீடு வீடாகச் சென்று எழுத்தும் வசனமும் கற்பித்தனர். படிக்கத் தெரியாத ஒருவருக்கு, மனனம் செய்த வசனமே அவர் கையிலுள்ள வேதாகமம். பிறர் வந்து வாசித்துக் காட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று பெரும்பாலோருக்கு எழுத்து தெரியும். ஆனாலும் நூலைத் திறக்க முடியாத வேளைகள் மறைந்துவிடவில்லை. பூம்பாறையில் பூண்டு வயலிலோ தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்திலோ வேலை செய்பவரின் கை மண்ணிலும் செடியிலும் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைத் தாக்கியபோது மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன, மின்சாரமும் நின்றது. மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசியில் வேதாகமம் இருந்தும் பயனில்லை. முதுமையில் பார்வை மங்கியவர்களுக்கு இந்நிலை ஒவ்வொரு நாளும் உண்டு.

மனனமும் பொருளும்

மனனம் தன்னளவில் நன்மை ஆகிவிடாது. லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது, மூன்று முறையும் உபாகமத்தின் வசனங்களைச் சொல்லியே விடையளித்தார். அதே நிகழ்ச்சியில் சோதிக்கிறவனும் 91-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறான். இருவருக்கும் வசனம் தெரியும். ஒருவர் அதற்குக் கீழ்ப்படிகிறார், மற்றவன் அதைத் தன் நோக்கத்திற்கு வளைக்கிறான்.

மலையில் வாழ்வோருக்கு நெருக்கமான 121-ஆம் சங்கீதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய மொழிபெயர்ப்பில் அதன் முதல் வசனத்தை மட்டும் நெட்டுருச் செய்பவர், உதவி மலைகளிலிருந்தே வருகிறது என்று எண்ணிவிடக்கூடும். உதவி மலைகளைப் படைத்த கடவுளிடமிருந்து வருகிறது என்பதை இரண்டாம் வசனம் தெளிவாக்குகிறது. மழைக்காலத்தில் மண்சரிவைக் கண்ட மலைவாழ் மக்களுக்கு இவ்வேறுபாடு நன்றாகவே விளங்கும். ஆகவே தனி வசனத்தை மட்டுமன்றி, அது நிற்கும் பகுதியையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

ஞாயிறு பள்ளிப் போட்டிகளில் எண்ணிக்கைக்கும் பரிசுக்கும் முதலிடம் தருவதாலும் தீங்கு நேர்கிறது. பரிசு பெற்ற மறுவாரமே வசனம் மறந்துபோகிறது. ஒப்பிக்கத் தவறியதற்காகக் கூட்டத்தின் நடுவே நாணமடைந்த பிள்ளைக்கு, பின்னாளில் அந்த வசனம் ஆறுதலாக அமைவது கடினம். துக்க வீட்டிலும் இதே கவனம் தேவை. அழுகிறவரின் சொல்லைக் கேட்காமல் வசனத்தை அடுக்குவது ஆறுதல் ஆகாது. முதலில் அருகில் அமர்ந்து கேட்பதும், பின்பு பொருத்தமான ஒன்றை மெதுவாகச் சொல்வதும் தகும்.

கற்கும் முறை

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு, கற்றதில் பெரும்பகுதி விரைவில் மறந்துவிடுகிறது என்பதையும், இடைவெளி விட்டு மீண்டும் கற்பது ஒரே மூச்சில் கற்பதைவிடப் பயன் தருகிறது என்பதையும் காட்டியது. இதன்படி எளிய வழிகள் சில:

1. முழுப் பகுதியையும் முதலில் வாசித்து, யார் யாரிடம் எதற்காகச் சொன்னது என்று அறிந்துகொள்ளுதல்.

2. ஒரே மொழிபெயர்ப்பைப் பின்பற்றுதல். சீர்திருத்த சபைகள் பலவற்றில் 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்க சபையில் 1995-இன் பொது மொழிபெயர்ப்பும் வழங்குகின்றன. இரண்டையும் கலந்தால் சொற்கள் குழம்பும். பொருள் விளங்காத இடத்தில் மற்றதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. வாரத்திற்கு ஒரு வசனம் போதும். 8 வசனங்கள் கொண்ட 121-ஆம் சங்கீதம் இரண்டு மாதங்களில் முழுமையாகக் கைவரும்.

4. நூலை மூடி வாய்விட்டுச் சொல்லிய பிறகே சரிபார்த்தல். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு மீண்டும் சொல்லுதல்.

5. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றல். பிள்ளை மட்டும் ஒப்பிக்க, பெற்றோர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திருத்துவது தேர்வு போலாகிவிடும்.

மனனம் வாசிப்புக்கு மாற்று அன்று. வாசித்து அறிந்ததை, வாசிக்க இயலாத வேளைக்காகச் சேமித்து வைக்கும் பழக்கமே அது. சமையலறையிலும் வயலிலும் மருத்துவமனையின் இரவிலும் அந்தச் சேமிப்பு பயன்படுகிறது. சிறு வயதில் பொருளறிந்து கற்ற ஒரு சங்கீதம், கண் மங்கிய முதுமையிலும் ஒருவருக்குத் துணை நிற்கும்.