நெடுஞ்சாலையில் கார் நடுங்குகிறதா? பணம் செலவழிக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. தோட்டத்துச் சாலையிலும் தெரியாது. டோல் சாவடியைத் தாண்டி வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் படபடக்கத் தொடங்கும். 100இல் இருக்கையே நடுங்கும். 110ஐ நெருங்கினால் சில கார்களில் அது குறைந்தும் விடும். "சரி, ஓடுகிற வரை ஓடட்டும்" என்று நம்மில் பலர் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நானும் அப்படி ஓட்டியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் காரை ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலேயே "டிரைவ் ஷாஃப்ட் போய்விட்டது" என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றினேன். ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போயிற்று. நெடுஞ்சாலையில் ஏறியதும் அதே நடுக்கம். வழியில் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த இளைஞர் காரை ஜேக்கில் தூக்கி, முன் டயரின் உட்பக்கச் சுவரை என்னையே தடவிப் பார்க்கச் சொன்னார். கோழி முட்டை அளவுக்கு ஒரு வீக்கம். வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அந்த டயரில்தான் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தேன்.

புதிய ஷாஃப்டுக்குக் கொடுத்த பணம் வீண். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு நேராமல் போனது எங்கள் நல்ல நேரம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேகத்தில் மட்டும் ஏன்?

சிறிய காரின் 15 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு வினாடிக்கு 16 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 4 கிலோ பாரம் தொங்குவது போல் சக்கரத்தை வெளியே இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழுமாக. வேகம் பாதியானால் இந்த இழுப்பு பாதியாகாது, நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவேதான் 55இல் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சக்கரமும் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்த அமைப்புக்கு என்று இயல்பான ஓர் ஆட்டம் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரப் போவதுபோல், சக்கரத்தின் சுழற்சி அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால் குறையும். குறைந்துவிட்டது என்பதால் பழுது சரியாகிவிட்டது என்று பொருளல்ல.

நீங்களே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

முதல் சோதனை, எங்கே நடுங்குகிறது என்பது. ஸ்டீயரிங்கில் உணர்ந்தால் பெரும்பாலும் முன் சக்கரங்கள். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, நிற்கும்போதும் நடுங்குகிறதா என்பது. காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை 'பி'யில் வையுங்கள். நெடுஞ்சாலையில் நடுங்கும்போது மீட்டரில் என்ஜின் சுழற்சி எவ்வளவு காட்டியதோ, அதே அளவுக்கு எண்ணெய் மிதியை மெல்ல அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் காரணம் என்ஜின் பக்கம். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். நடுங்கவில்லை என்றால் ஷாஃப்ட், சக்கரம் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது, மிதியிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகிறது என்பது. பின்னால் வாகனம் நெருங்கி வராத நேரத்தில், நடுங்கும் வேகத்தில் காலை மெல்லத் தளர்த்துங்கள். கியரை 'என்'னுக்கு மாற்ற வேண்டாம். மிதியை அழுத்தும்போது நடுக்கம் கூடி, விட்டதும் அடங்கினால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தினாலும் விட்டாலும் அந்த வேகம் இருக்கும்வரை ஒரே மாதிரி நடுங்கினால் டயர், ரிம், பாலன்சிங் ஆகியவற்றைப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் ஐந்நூறு வெள்ளி மிஞ்சியிருக்கும்.

நான்காவது, பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்குகிறதா என்பது. அப்படியானால் பிரேக் டிஸ்க் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். டயரை மாற்றிப் பயனில்லை.

சத்தமும் ஓர் அடையாளம். மெதுவாக வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் ஷாஃப்டின் வெளிமூட்டு. வேகத்தோடு கூடும் 'ஊம்' என்ற சத்தம், நீண்ட வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் சக்கர பேரிங்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் காருக்கு முதல் வைத்தியம் தண்ணீர்தான். மழைக்குப் பின் சேறு ரிம்மின் உட்பக்கத்தில் அப்பிக் காய்ந்துவிடும். நூறு கிராம் சேறு ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் அது ஏறத்தாழ 20 கிலோ பாரத்தின் இழுப்பு. வெளிப்பக்கம் மட்டும் கழுவினால் போதாது. ரிம்மின் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பலருக்கு நடுக்கம் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து டயர்க் காற்று. சரியான அளவு ஓட்டுநர் கதவுப் பக்கத்துத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பிறகு நான்கு டயர்களையும் உட்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் பாருங்கள். வீக்கம், வெடிப்பு, ஓர் ஓரம் மட்டும் தேய்மானம் இவற்றைக் கவனியுங்கள். டயர்ச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மலிவு என்று பழைய டயர் வாங்குவோர் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் டயர் கடையில் பாலன்சிங் செய்யுங்கள். பலர் இதையும் அலைன்மெண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட். வேகத்தில் நடுங்கினால் பாலன்சிங். சக்கரம் மெஷினில் சுற்றும்போது அருகில் நின்று பாருங்கள். ரிம் வளைந்திருந்தால் அதன் விளிம்பு மேலும் கீழும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். குழியில் விழுந்த காருக்கு இது சகஜம். வளைந்த ரிம்முக்கு எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் நடுக்கம் முழுமையாகப் போகாது.

ஸ்போர்ட்ஸ் ரிம் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ரிம்மின் நடுத்துளை காரின் ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஒரு வளையம் தேவை. அது இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராது. கடையில் பாலன்சிங் சரியாகக் காட்டும், சாலையில் நடுங்கும்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். மாறாமல் முன்னாலேயே இருந்தால் ஷாஃப்ட், பேரிங், மவுண்டிங் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து, ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். உறை கிழிந்ததை உடனே கவனித்தால் உறையும் கிரீஸும் போதும். மண் உள்ளே போய்விட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டிவரும்.

திடீரென்று தொடங்கினால்

சில வாரங்களாக மெல்லக் கூடிய நடுக்கம் வேறு; ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று தொடங்குவது வேறு. டயர் பிரியத் தொடங்கியிருக்கலாம், நட்டு கழன்றிருக்கலாம். திடீர் பிரேக் போடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, காலை மிதியிலிருந்து எடுத்து, வேகம் தானாகக் குறையவிட்டு, சிக்னல் போட்டு இடப்பக்கம் வாருங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகு குடும்பத்தைக் காருக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். டயரில் வீக்கம் தெரிந்தால் "அடுத்த ஊர் வரை" என்று ஓட்டாதீர்கள். அங்கேயே மாற்றுச் சக்கரத்தைப் போடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது "கார் நடுங்குது" என்று மட்டும் சொன்னால், அவர்களும் ஊகித்துத்தான் மாற்றுவார்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உணர்கிறீர்கள், மிதியை விட்டால் என்ன ஆகிறது, பிரேக்கில் மாறுகிறதா என்று நான்கு வரி எழுதிக் கொண்டுபோங்கள். மெக்கானிக்கை உங்களோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்த முறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் புறப்படும் முன், ஒரு வாளித் தண்ணீரோடு குனிந்து, நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.