பேட்டரி அறிவு நடந்து வந்த பாதை

கைத்தொலைபேசி பேட்டரியைக் கண்டுபிடித்தவர் யார்? நம் கருத்தரங்கில் இந்தக் கேள்வியைப் போட்டதும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். யார் சொன்னதும் தவறில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதினால், தமக்கு முன்னால் எழுதியவர்களைக் கடைசியில் பட்டியல் போட்டுக் காட்டுவார். இதுதான் மேற்கோள். கட்டுரைக்குக் கட்டுரை கோடு போட்டு இணைத்தால், குடும்ப வம்சாவளி போல ஒரு படம் கிடைக்கும். 1965இல் டெரிக் பிரைஸ் என்பவர் 'சயன்ஸ்' இதழில் இந்த வலைப்பின்னலைப் பற்றி எழுதினார்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு அப்படிப் படம் வரைந்தால், 1976இல் எக்ஸான் நிறுவனத்திலிருந்து ஸ்டான்லி விட்டிங்ஹாம் எழுதிய கட்டுரை ஒரு பெரிய புள்ளி. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு எழுதிய கோபால்ட் ஆக்சைடு கட்டுரை இன்னொன்று.

இங்கே நமக்கு வேண்டியவர் ஒருவரும் வருகிறார். தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், குட்இனஃபுடன் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் சில கட்டுரைகள் எழுதினார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட்டு போன்றவற்றைச் சேர்த்தால், விலை மலிவான இரும்பிலும் மின்னழுத்தம் உயரும் என்பது அவற்றில் சொன்ன சேதி. அந்த வழியில் 1997இல் இரும்பு பாஸ்பேட்டு வந்தது. இன்று நம் சாலையில் ஓடும் பிஒய்டி மின்கார்களில் இருப்பது அந்த வகைதான். 2019இல் குட்இனஃபுக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரம்தான்.

ஆனால் படத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஜப்பானில் அசாஹி காசெய் நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா யோஷினோ, 1982 கடைசியில் அறையைச் சுத்தம் செய்தபோது, படிக்காமல் விட்டிருந்த குட்இனஃப் கட்டுரையைக் கண்டார். அதிலிருந்து பிறந்த 1985 வடிவமைப்பு காப்புரிமையாகப் பதிவானது. 1991இல் சோனி பேட்டரியை விற்பனைக்கு விட்டது. ஆய்விதழ்களை மட்டும் வைத்து வரைந்தால் இந்த முக்கியத் திருப்பமே தெரியாது!

மேற்கோளை எண்ணித்தான் இளம் ஆய்வாளர்களுக்குப் பல இடங்களில் வேலையும் உயர்வும் தருகிறார்கள். தொழிற்சாலையில் உழைப்பவர் இதில் காணாமல் போகிறார். "அப்படியென்றால் என்ன வழி, சார்?" என்று மாணவி ஒருவர் கேட்டார். வழி இருக்கிறது. காப்புரிமைப் பத்திரங்களும் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்து வரைவோரும் இருக்கிறார்கள்.